தொழில் என்ற கட்டத்தில்



பிறப்புச் சான்றிதழை நாங்கள் வெளியே எடுப்பது ஏதாவது தேவை வரும்போதுதான். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க, அடையாள அட்டை எடுக்க, வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுக்க. அப்போதும் பெயரையும் திகதியையும் சரிபார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். பழைய சான்றிதழ்களில் தகப்பனின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதற்குள் ஒன்றிரண்டு சொற்கள்தான் இருக்கும். ஆனால் ஒரு குடும்பம் தலைமுறையாகச் சொல்லிவந்த கதையை அந்த ஒன்றிரண்டு சொற்கள் புரட்டிப்போட்டுவிடும். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது.

அம்மாவின் தகப்பனாருடைய தகப்பனார் எங்களுக்குப் பூட்டன். அவர் தபாற்கந்தோரில் வேலை செய்தவர் என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. பெரியம்மா சொல்லும்போது "கவுண்மேந்து உத்தியோகம்" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்வார். அந்த உத்தியோகம் எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது. 1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்துக்குப் பின்னர் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. காடு வெட்டி, கிணறு வெட்டிக் குடியேறினோம். ஆனாலும் "தோட்டக்காட்டார்" என்ற சொல் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. வீட்டில் அம்மாயி என்று கூப்பிடும் கிழவியைப் பாடசாலையில் அம்மம்மா என்று சொல்லப் பழக்கினார் அம்மா. அப்படிப்பட்ட இடத்தில், "எங்கட பூட்டன் தபாற்கந்தோரில இருந்தவர்" என்று சொல்ல முடிவது சின்ன விடயமா?

தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதிகள், தோட்டத்துரை கையெழுத்திட்ட துண்டுகள், யாரோ எழுதிய கடிதங்கள் எல்லாம் இருந்தன. தாத்தா 1991இல் இறந்த பின்னரும் அம்மா அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். 2009 மாசியில் தேவிபுரம் வரை அது எங்களோடு வந்தது. அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளைகளைத் தூக்க வேண்டிய கையில் பெட்டிக்கு இடமில்லை.

செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்து மீள்குடியேறி வந்த பின்னர்தான் கடதாசி இல்லாததன் அருமை தெரிந்தது. அம்மாயியின் பெயரில் இருந்த காணி அனுமதிப் பத்திரத்தை அம்மாவுக்கு மாற்றுவதற்கு, அம்மா அவருடைய மகள்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் பிறப்புப் பதிவு இருந்ததோ பதுளை மாவட்டத்தில். 2013இல் நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். வவுனியா, கண்டி, பதுளை, பிறகு பசறை. அம்மா அந்த மலைப்பாதையை 36 வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறார். யன்னல் பக்கம் இருந்தவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

பதிவிலக்கம் தெரியாதவர்கள் பயப்படத் தேவையில்லை. பிறந்த காலத்தையும் இடத்தையும் பெற்றோரின் பெயர்களையும் எழுதி, தேடுவதற்கான கட்டணத்தைக் கட்டினால் பதிவுப் புத்தகங்களைப் பார்த்துத் தருவார்கள். அம்மாவின் பதிவு, 1956ஆம் ஆண்டுக்குரியது, இலகுவாகக் கிடைத்துவிட்டது. அதிலே "பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால்" என்று கேட்கும் கட்டத்தில் பூட்டனின் பெயர், பிறந்த ஆண்டு 1896, இடம் மடுல்சீமை என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஆண்டைப் பார்த்ததும்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. பூட்டனே இங்கு பிறந்தவர் என்றால், தாத்தா எப்படி நாடற்றவர் ஆனார்?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இங்கு பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரஜையாவதற்கு அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். பிறந்திருந்தால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். 1896இல் தோட்டத்து லயக்காம்பிராவில் பிறந்த பிள்ளைக்கு யார் போய்ப் பதிவு வைத்தார்கள்? அந்த ஒரு கடதாசி இல்லாமல் தாத்தாவும் மற்றவர்களைப் போல 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். அதற்கு 1946 தை 1ஆம் திகதிக்கு முன்னர் திருமணமானவர் 7 வருடங்களும் மற்றவர்கள் 10 வருடங்களும் இடைவிடாமல் இங்கு வசித்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியவில்லை என்று பதில் வந்ததாம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அந்தப் பக்கம், மூன்று இலட்சம் பேர் இந்தப் பக்கம் என்று எண்ணிப் பிரித்தபோதும் எங்கள் வீட்டார் இரண்டு கணக்கிலும் சரியாக விழவில்லை. அம்மா இந்த நாட்டின் பிரஜை என்று எழுத்தில் வந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின்னர்தான். அப்போது அவருக்கு 47 வயது. அதுவரை வாழ்ந்த வாழ்க்கை எந்த நாட்டில் என்று சட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே தாத்தாவின் பிறப்புப் பதிவையும் தேடுவது என்று முடிவு செய்தேன். காணிக்கு அது தேவையில்லை. எனக்குத் தேவையாக இருந்தது.

இது இலகுவாக இருக்கவில்லை. தாத்தா தான் 1921இல் பிறந்ததாகச் சொல்வார். அந்த ஆண்டில் அப்படிப் பெயரில்லை. பிறகு, தோட்டத்தின் பெயரிலும் சிக்கல். எங்கள் ஆட்கள் தோட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பதிவிலே வேறொரு இங்கிலீஷ் பெயர் இருக்கும். பழைய பெர்குசன் டிரெக்டரிகளில் தோட்டங்களின் இங்கிலீஷ் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது. மலையகத்தில் தேடப்போகும் சகோதரிகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சிக்கல், துரையும் கிளாக்கரும் தங்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதியது. ஒரே ஆள் மூன்று பதிவில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். பெயரை மட்டும் பார்த்து விட்டுவிடாமல் தாயின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தாயின் பெயரை வைத்துத்தான் எங்களுக்கும் கிடைத்தது. 1922ஆம் ஆண்டுப் புத்தகம். சரிந்த இங்கிலீஷ் கையெழுத்து. அங்கிருந்த உத்தியோகத்தர் தங்கை ஒருவர் பொறுமையாக வாசித்துச் சொன்னார். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் இரண்டு சொற்கள். தப்பால் கூலி.

அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அந்தத் தங்கை மலையகத்துப் பிள்ளை. சிரித்துக்கொண்டு, "தபால் பை தூக்கினவரு அக்கா" என்றார்.

மலையகத்தில் தபாலைத் தப்பால் என்பார்கள். அந்தக் காலத்தில் தோட்டங்களுக்குத் தபாற்காரன் வருவதில்லை. தோட்டமே ஒரு தொழிலாளியைத் தினமும் தபாற்கந்தோருக்கு அனுப்பும். அவர் போய்த் துரையின் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். எங்கள் பூட்டன் தபாற்கந்தோருக்குள் இருந்தவர் அல்ல, அதன் வாசலுக்குத் தினமும் நடந்தவர். பதுளைக்கு ரெயில் வந்ததே 1924இல்தான். அதற்கும் அப்பால் மலைக்குள் இருக்கும் ஒரு தோட்டத்துக்கு வெளி உலகம் வந்தது ஒரு மனிதனின் காலில்.

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போனோம். 1970களில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்து, 1992இல் திரும்பக் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்ததில் பழைய செக்ரோல் புத்தகங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் மனிதர் ஒருவர் மிஞ்சியிருந்தார். தொண்ணூறை நெருங்கிய ஒரு தாத்தா, பூட்டனைச் சிறுவனாகக் கண்டவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு பெரட்டுக்கு வரமாட்டாரு. வெள்ளனவே பைய எடுத்துக்கிட்டு எறங்கிருவாரு. தோல் பை, பூட்டு இருக்கும். போக ஆறு மைலு, வர ஆறு மைலு. வரயில தொரை பங்களாவுக்குப் பாணு, எறச்சி, பேப்பரு எல்லாம் தலையில. மழையில நனஞ்சா அவரு நனையலாம், பை நனயப்படாது. ஒரு நாளு லேட்டானா அரைப்பேருதான்."

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். செக்ரோலில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதான் கணக்கு வைப்பார்கள். பன்னிரண்டு மைல் மலைப்பாதை நடந்தவருக்கு அரைப்பேர்!

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பூட்டன் கொஞ்சம் தமிழ் வாசிப்பாராம். துரையின் பையைப் பங்களாவில் இறக்கிவிட்டு, லயத்து ஆட்களுக்கு வந்த கடிதங்களோடு வருவார். துறையூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று ஊர்களில் இருந்து வந்த கடிதங்கள். பொழுதுபடக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் அவருடைய லயத்து வாசலில் வந்து நிற்பார்களாம். "எனக்கு இருக்கா?" என்று கேட்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். சாவுச் செய்தி என்றால் உடனே சொல்லமாட்டாராம், அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று முதலில் விசாரிப்பாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் காலம்தான் ஞாபகம் வந்தது. பாதை பூட்டியிருந்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்தித்தாள் வரும், ஞாபகம் இருக்கிறதா? திறந்த கடதாசி. குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். அதைக் கொண்டுவரும் ஆளைத் தூரத்தில் கண்டவுடனே நாங்கள் படலையடிக்கு ஓடவில்லையா? கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கவில்லையா?

இன்னொன்றும் பதிவில் இருந்தது. பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது. அம்மாவுக்கு அதுதான் பெரிய அடியாக இருந்தது. பூட்டியின் தாலி கட்டிய கதை, அம்மன் கோயிலில் பந்தல் போட்ட கதை எல்லாம் அவர் கேட்டு வளர்ந்தவர். தோட்டத்து மக்கள் வழக்கப்படி தாலி கட்டிக்கொண்டார்கள். பதிவுகாரரிடம் போகவில்லை. பதியாத கலியாணத்தைப் பதிவுப் புத்தகம் கலியாணமாக எழுதவில்லை. அதனால் மலையகத்து மக்கள் பலருடைய சான்றிதழில் இந்த "இல்லை" இருக்கிறது. வன்னியில் யுத்த காலத்தில் அவசர அவசரமாகத் தாலி கட்டிய எங்கள் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். உங்கள் பிள்ளையின் சான்றிதழிலோ தாயின் சான்றிதழிலோ இந்தச் சொல்லைக் கண்டால் மனம் குலையாதீர்கள். பதிவு இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

பூட்டியைப் பற்றி அந்தப் பதிவில் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. தாயின் தொழிலைக் கேட்க அந்தப் பத்திரத்தில் கட்டமே கிடையாது. அவரும் செக்ரோலில் பேர் பதிந்து கொழுந்து பறித்தவர். பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலை ஏறியவர். இரண்டு பேரின் உழைப்பில் சாப்பிட்ட வீட்டில் ஒருவரின் தொழிலைத்தான் அரசாங்கம் கேட்டது. அவரைப் பற்றி அந்த வயோதிபருக்கும் அதிகம் ஞாபகமில்லை. "கெட்டிக்காரி, கை ஓடும்" என்றார். கை ஓடும் என்றால் கொழுந்து விரைவாக எடுப்பார் என்று அர்த்தம். அவ்வளவுதான் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் வீட்டில் சண்டை. பெரியம்மா அந்தப் பிரதியைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டார். "கூலி எண்டு எழுதிக் கிடக்கு. இதை ஏன் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தனீ? நாளைக்குப் பிள்ளையளுக்குக் கலியாணம் பேச வேண்டாமா?" என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் சமூகத்தில் பரம்பரைத் தொழிலைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தொழிலையா கேட்கிறார்கள்? சாதியைக் கேட்கிறார்கள், எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறார்கள். அதனால்தான் நிறையக் குடும்பங்களில் பாட்டனின் தொழில் இரண்டு படி உயர்ந்துவிடுகிறது. சுமை தூக்கியவர் வியாபாரி ஆகிவிடுகிறார், வள்ளத்தில் கூலிக்குப் போனவர் சம்மாட்டியாகிவிடுகிறார். எங்கள் தபால் பையும் தபாற்கந்தோர் ஆகிவிட்டது. அப்படி உயர்த்திச் சொன்னவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மரியாதை கிடைக்காத இடத்தில் மனிதர் அதைத் தாங்களே செய்துகொள்ளத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் பெரியம்மாவிடம் ஒன்று சொன்னேன். கூலி என்ற சொல்லை அன்றைக்குத் தோட்டத்தில் நின்ற எல்லாருக்கும் எழுதினார்கள். அது ஒரு சீல் குத்திய மாதிரி. அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைத்தான் நாங்கள் வாசிக்க வேண்டும். தப்பால். ஆயிரம் பேர் இருந்த தோட்டத்தில் அந்தப் பையை நம்பிக் கொடுக்க ஒருவரைத்தான் தெரிவு செய்தார்கள். பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் சில நாட்கள் கழித்து, பூட்டனின் வலது தோள் கொஞ்சம் சரிந்திருக்கும் என்று தாத்தா சொன்ன ஞாபகம் என்று தானாகவே வந்து சொன்னார்.

தேடிப் பார்க்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். பிறப்பு, இறப்புப் பதிவுகள் இந்த நாட்டில் 1867இல் இருந்து வைக்கப்பட்டு வருகின்றன. அதற்கு முந்திய காலத்துக்கு, கிறிஸ்தவக் குடும்பங்கள் கோயிற் பதிவேடுகளைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குச் சீதன உறுதி பெரிய உதவி. தேசவழமைப்படி சீதனம் பெண் வழியில் இறங்குவதால், தாய், தாயின் தாய் என்று பெயர்கள் அதிலே வரிசையாகக் கிடக்கும். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. எங்கள் பகுதிப் பதிவுப் புத்தகங்கள் யுத்தத்தில் அழிந்திருந்தாலும் உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். பதிவுகள் இரட்டைப் பிரதியாக வைக்கப்படுவது வழக்கம், மற்றப் பிரதியைப் பற்றி விசாரியுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால்தான் உத்தேச வயதுச் சான்றிதழ். இவை எல்லாவற்றுக்கும் முதல், வீட்டில் இருக்கும் வயதானவரிடம் போய் இருங்கள். "என்ன வேலை செய்தார்?" என்று கேட்டால் உத்தியோகத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். "காலையில் எழும்பி எங்கே போவார்? கையில் என்ன கொண்டுபோவார்?" என்று கேளுங்கள்.

பூட்டனின் 1896ஆம் ஆண்டுப் பதிவையும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவருடைய பெற்றோர் மன்னாரில் இறங்கி நடந்து வந்தவர்கள் என்பது தாத்தா சொன்னது. 19ஆம் நூற்றாண்டின் முடிவுவரை தோட்டத்துக்கு வந்தவர்கள் அந்த வடபாதையால், மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுக்குள்ளால் நடந்தார்கள். வாந்திபேதியிலும் தாகத்திலும் விழுந்தவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அந்த மன்னார் - மதவாச்சிப் பாதைக்குப் பக்கத்தில்தான் செட்டிகுளம் இருக்கிறது. நாங்கள் கூடாரத்தில் இருந்த இடத்துக்குக் கிட்டவாக, நூறு வருடங்களுக்கு முந்தியே எங்கள் ஆட்கள் ஒருமுறை கடந்து போயிருக்கிறார்கள்.

2023இல் அக்காவின் மகளுக்குக் கலியாணம். பதிவுகாரர் வீட்டுக்கு வந்து எழுதினார். மணமகளின் தகப்பனின் பெயரைக் கேட்டு எழுதியவர், "தொழில்?" என்று கேட்டார். அத்தான் 2009 வைகாசியில் இருந்து இல்லை. எங்கே என்று இன்றுவரை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சபையில் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். யாரோ மெதுவாக, "ஒரு கோடு போட்டு விடுங்கோ ஐயா" என்றார்கள். அக்கா பின்னால் இருந்து முன்னுக்கு வந்தார். "கோடு போட வேண்டாம். ட்ரக்டர் சாரதி எண்டு எழுதுங்கோ. பதினாறு வயசில இருந்து ஓடினவர்" என்றார்.

பதிவுகாரர் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன், எழுத்துகள் தெளிவாக இருந்தன.